மாற்றுவழி இதய அறுவையும் நீரிழிவுக் கட்டுப்பாடும்

மாற்றுவழி இதய அறுவைக்கான நீரிழிவுக் கட்டுப்பாடு என்பது, இதயத் தமனிகளில் அடைப்பு ஏற்பட்டு மாற்றுவழி அறுவை (பைபாசு அறுவை) செய்துகொள்ள இருக்கும் நோயாளியின் குருதிச் சர்க்கரை அளவை, அறுவைக்கு முன்னும் அறுவையின்போதும் அதன் பின்னரும் பாதுகாப்பான எல்லைக்குள் வைத்திருக்கும் மருத்துவ முறைகளைக் குறிக்கும். சர்க்கரை அளவு மிகுந்திருந்தால் மார்பெலும்பில் நோய்த்தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகின்றது. அளவு மிகவும் குறைந்தாலும் மூளைக்கும் இதயத்திற்கும் தீங்கு நேர்கின்றது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எது என்பதே இத்துறையில் நெடுங்காலம் ஆராயப்பட்டு வந்த கேள்வியாகும்.

இக்கட்டுரையில் குருதிச் சர்க்கரை அளவுகள் யாவும் ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) குருதியில் உள்ள மில்லிகிராம் கணக்கில் தரப்பட்டுள்ளன.

நீரிழிவும் இதயத் தமனி நோயும்

இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனிகள் இதயத் தமனிகள் எனப்படும். இவற்றின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சி அணுக்களும் படிந்து தடிப்பதால் குருதி ஓட்டம் குறைகின்றது. நீரிழிவு இந்நிகழ்வை விரைவுபடுத்துகின்றது. குருதியில் நீண்ட காலம் மிகுந்திருக்கும் குளுக்கோசு, தமனிச் சுவரின் புரதங்களுடன் பிணைந்து அவற்றை விறைப்பாக்குகின்றது. குருதிக்குழாயின் உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைவதால் குழாய் விரியும் தன்மையை இழக்கின்றது. குருதித் தட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் இயல்பைப் பெறுகின்றன.

நீரிழிவாளரிடம் அடைப்பு ஓரிடத்தில் மட்டும் காணப்படாமல், பல தமனிகளில், அவற்றின் நீளம் முழுவதும் பரவிக் காணப்படுவது வழக்கம். மேலும், நீரிழிவினால் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பின்போது கூட நெஞ்சு வலி தோன்றாதிருக்கலாம். மூச்சுத்திணறல், களைப்பு, வியர்வை ஆகியவையே அறிகுறிகளாக அமையலாம். இதனால் பலருக்கு நோய் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகின்றது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு, நீரிழிவு உள்ளது. எனவே மாற்றுவழி இதய அறுவைக்கு வருவோரில் நீரிழிவாளர் பெரும் பங்கினராக இருப்பதில் வியப்பில்லை.

அறுவையின் தோற்றமும் அடிப்படையும்

மாற்றுவழி அறுவையில், உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட குருதிக்குழாய் ஒன்றை, அடைப்புக்கு அப்பால் இதயத் தமனியுடன் இணைத்துக் குருதிக்குப் புதிய வழி அமைக்கப்படுகின்றது. 1964ஆம் ஆண்டில் லெனின்கிராடு நகரில் வசீலி கோலெசோவ் என்னும் அறுவை மருத்துவர் உள் மார்புத் தமனியை இதயத் தமனியுடன் இணைத்தார். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் பணியாற்றிய அர்கெந்தீன மருத்துவர் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையைப் பயன்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தார். இந்தியாவில் இவ்வறுவை முதன்முதலாக 1975ஆம் ஆண்டில் சென்னை பெரம்பூர் தென்னக இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியனால் செய்யப்பட்டது.

வழக்கமான முறையில் மார்பெலும்பு நெடுக்காக அறுக்கப்பட்டு இதயம் வெளிக்கொணரப்படுகின்றது. இதயத்தின் துடிப்பு நிறுத்தப்பட்டு, இதய-நுரையீரல் இயந்திரம் உடலின் குருதி ஓட்டத்தை ஏற்கின்றது. இதயத் துடிப்பை நிறுத்தாமலேயே செய்யும் முறையும் உண்டு. இணைப்புகள் முடிந்தபின் மார்பெலும்பு துருவேறா எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டப்படுகின்றது. இவ்வெலும்பும் அதன் மேலுள்ள தோலும் ஒழுங்காகக் கூடுவதே அறுவைக்குப் பிந்திய நலத்தின் அடித்தளம் ஆகும். நீரிழிவு பெரிதும் இடையூறு செய்வதும் இவ்விடத்திலேயே ஆகும்.

குழாய் விரிப்பா, மாற்றுவழி அறுவையா

சிறு வலைக்குழாயைத் (ஸ்டென்ட்) தமனியினுள் பொருத்தி அடைப்பை விரிக்கும் முறை எளிதானது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை. எனினும் பல தமனிகளில் அடைப்புள்ள நீரிழிவாளருக்கு அறுவையே கூடுதல் பயன் தருகின்றது என்பதை 2012இல் வெளிவந்த ஃப்ரீடம் என்னும் ஆய்வு காட்டியது. 1900 நீரிழிவாளர் பங்கேற்ற அவ்வாய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தோர் மருந்து பூசிய வலைக்குழாய்ப் பிரிவில் 26.6 விழுக்காடாகவும், அறுவைப் பிரிவில் 18.7 விழுக்காடாகவும் இருந்தனர். இறப்பு மட்டும் முறையே 16.3 விழுக்காடும் 10.9 விழுக்காடும் ஆகும். ஆனால் பக்கவாதம் அறுவைப் பிரிவில் மிகுந்திருந்தது (2.4க்கு எதிராக 5.2 விழுக்காடு).

ஆகவே இவ்வறுவையால் மிகுந்த நன்மை பெறுவோரும், அதன் சிக்கல்களுக்கு எளிதில் உள்ளாவோரும் நீரிழிவாளரே ஆவர். நன்மையைப் பெற்றுச் சிக்கலைக் குறைப்பதற்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு முதன்மையான வழிகளுள் ஒன்றாகும்.

மிகை சர்க்கரையின் விளைவுகள்

அறுவை என்பது உடலுக்குப் பெரும் காயம் ஆகும். காயத்திற்கு எதிர்வினையாக அட்ரினலின், கார்ட்டிசோல், குளுக்ககான் முதலிய இயக்குநீர்கள் பெருமளவில் சுரக்கின்றன. இவை கல்லீரலைக் குளுக்கோசை வெளியிடத் தூண்டுகின்றன; தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதையும் குறைக்கின்றன. இதய-நுரையீரல் இயந்திரம் இயங்கும்போது உடலின் வெப்பநிலை குறைக்கப்படுவதால் கணையத்தின் இன்சுலின் சுரப்பும் மந்தமடைகின்றது. குருதி அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செலுத்தப்படும் மருந்துகளும் சர்க்கரையை உயர்த்தக்கூடியவை. இதனால் நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கூட இவ்வறுவையின்போது சர்க்கரை உயர்வது இயல்பு. நீரிழிவாளருக்கு அவ்வுயர்வு பன்மடங்காகின்றது.

இவ்வாறு உயர்ந்த சர்க்கரை உடலைப் பலவாறு பாதிக்கின்றது.

நோயெதிர்ப்புக் குறைவு: நுண்ணுயிர்கள் புகுந்த இடத்தை நோக்கி நகர்ந்து, அவற்றை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களின் திறன் மிகை சர்க்கரைச் சூழலில் குறைகின்றது.

புண் ஆறுவதில் தாமதம்: புண்ணை இணைக்கும் கொலாசன் இழைகள் உருவாவது தடைப்படுகின்றது. நுண்ணிய குருதிக்குழாய்கள் ஏற்கெனவே பழுதடைந்திருப்பதால் புண்ணிற்கு வேண்டிய ஆக்சிசனும் போதிய அளவு சென்று சேர்வதில்லை.

நீரிழப்பு: குருதிச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை வெளியேறத் தொடங்குகின்றது. அத்துடன் நீரும் உப்புகளும் வெளியேறுவதால் குருதியின் கன அளவும் பொட்டாசியமும் குறைந்து, சீரற்ற இதயத் துடிப்புக்கு வழி ஏற்படுகின்றது.

உறுப்புப் பாதிப்பு: நீரிழிவால் முன்னரே தளர்ந்துள்ள சிறுநீரகங்கள், இயந்திரத்தின் வழியே குருதி ஓடும் வேளையில் மேலும் பாதிக்கப்படலாம். மூளைக்குச் செல்லும் தமனிகளிலும் அடைப்பு இருக்கக்கூடும் என்பதால் பக்கவாத வாய்ப்பும் மிகுதியாகும்.

அறுவைக்கு முன் மதிப்பீடு

ஒரு நாளில் எடுக்கப்படும் சர்க்கரை அளவு அந்நேரத்தின் நிலையை மட்டுமே காட்டும். மருத்துவரைக் காணும் முன் இரண்டு நாள் உணவைக் குறைத்துக்கொண்டவரின் சோதனை முடிவு நன்றாகவே இருக்கும். ஆகவே குளுக்கோசேற்ற ஈமோகுளோபின் (எச்பிஏ1சி) சோதனை செய்யப்படுகின்றது. சிவப்பணுவில் உள்ள ஈமோகுளோபினுடன் குளுக்கோசு மெல்ல மெல்லப் பிணைகின்றது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். எனவே பிணைந்த ஈமோகுளோபினின் விழுக்காடு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகின்றது. 6 விழுக்காடு என்பது சராசரியாக 126, 7 விழுக்காடு 154, 8 விழுக்காடு 183, 9 விழுக்காடு 212, 10 விழுக்காடு 240 என்னும் அளவுகளுக்கு இணையாகும்.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 3089 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, அறுவைக்கு முன் எச்பிஏ1சி 8.6 விழுக்காட்டிற்கு மேல் இருந்தவர்களிடையே மருத்துவமனை இறப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது எனக் கண்டனர். தாமாகத் திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளுக்கு, இயன்றவரை எச்பிஏ1சி 8 விழுக்காட்டிற்குக் கீழ் இருத்தல் வேண்டும் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கின்றது.

இச்சோதனைக்கும் வரம்புகள் உள்ளன. குருதிச் சோகை, முற்றிய சிறுநீரக நோய், அண்மையில் குருதி ஏற்றிக்கொண்டமை ஆகிய நிலைகளில் முடிவு உண்மை நிலையைக் காட்டாது. அறுவையின்போது குருதி ஏற்றப்பட்டவருக்குப் பின்வரும் சில வாரங்களில் எடுக்கப்படும் எச்பிஏ1சியை நம்பி மருந்தின் அளவை மாற்றுதல் கூடாது.

சர்க்கரையுடன் சிறுநீரகச் செயற்பாடு, சிறுநீரில் புரதம், கழுத்துத் தமனிகளின் நிலை, கால்களின் குருதி ஓட்டம், பாதப்புண்கள், பல் மற்றும் ஈறுகளின் நோய்த்தொற்று ஆகியவையும் ஆராயப்படுகின்றன. காலில் ஆறாத புண் ஒன்று இருப்பின் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மார்புப் புண்ணைச் சென்றடையும் வாய்ப்புண்டு. மேலும் இணைப்புக்கு வேண்டிய சிரையைப் பெரும்பாலும் காலிலிருந்தே எடுக்க வேண்டியிருப்பதால், காலின் நிலை இரு வகையிலும் முதன்மையானதாகின்றது.

அறுவையைத் தள்ளிவைக்கலாமா

எச்பிஏ1சி குறைவதற்கு வாரங்களும் மாதங்களும் தேவை. ஆனால் இடது முதன்மைத் தமனியில் கடும் அடைப்பு உள்ளவர், ஓய்விலும் நெஞ்சு வலி தோன்றுபவர், அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர் ஆகியோரால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. காத்திருக்கும் காலத்தில் நேரும் மாரடைப்பின் இடர், மிகை சர்க்கரையால் நேரும் இடரைவிடப் பெரிதாகலாம். எனவே எச்பிஏ1சி அளவு அறுவையை மறுப்பதற்கான தனிக் காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

நடைமுறையில் நோயாளிகள் மூவகையினராகப் பிரிக்கப்படுகின்றனர். நிலையான நெஞ்சு வலி உடையவர்களுக்கு, எச்பிஏ1சி மிகவும் உயர்ந்திருப்பின், சில வாரங்கள் உணவு, மருந்து, இன்சுலின் ஆகியவற்றால் கட்டுப்பாட்டை மேம்படுத்தியபின் அறுவை செய்யப்படுகின்றது. சில நாட்களே காத்திருக்க இயன்றவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இன்சுலினால் அன்றாடச் சர்க்கரை 180க்குக் கீழ் கொண்டுவரப்படுகின்றது. இக்குறுகிய காலத்தில் எச்பிஏ1சி மாறாது என்றாலும், அறுவை நேரத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதால் பயன் உண்டு. உடனடி அறுவை தேவைப்படுவோருக்கு அறுவை அரங்கிலேயே இன்சுலின் செலுத்தத் தொடங்கப்படுகின்றது.

மாத்திரையில் இருந்தவருக்கு இன்சுலின் தொடங்கப்படும்போது, நோய் முற்றிவிட்டது என்றும் இனி வாழ்நாள் முழுவதும் ஊசி போட வேண்டும் என்றும் பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் பொருத்தமற்றது. அளவை மணிக்கு மணி மாற்றக்கூடியதாகவும், உணவு உண்ணாத நிலையிலும் கொடுக்கக்கூடியதாகவும் இருப்பதாலேயே அறுவைக் காலத்தில் இன்சுலின் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. முன்னர் மாத்திரையால் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்களுள் பலர் மீண்டும் மாத்திரைக்கே திரும்புகின்றனர்.

மருந்துகளில் செய்யப்படும் மாற்றங்கள்

மெட்ஃபார்மின்: பொதுவாக அறுவை நாளன்று நிறுத்தப்படுகின்றது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் இம்மருந்து உடலில் தங்கிக் குருதியில் லாக்டிக் அமிலம் சேர வழிவகுக்கும். சிறுநீரகம் சீராக இயங்குவது உறுதியான பின்னரே மீண்டும் தொடங்கப்படுகின்றது.

சல்ஃபோனைல்யூரியா வகை (கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு முதலியன): இவை உணவு உண்ணாதபோதும் இன்சுலினைச் சுரக்கச் செய்வதால், வெறும் வயிற்றில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அறுவை நாளன்று இவை கொடுக்கப்படுவதில்லை.

எஸ்ஜிஎல்டி2 தடுப்பிகள் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின்): சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இம்மருந்துகள், பட்டினியும் அறுவையும் சேரும்போது, குருதிச் சர்க்கரை பெரிதும் உயராமலேயே கீட்டோன் அமிலமிகை என்னும் ஆபத்தான நிலையை உண்டாக்கலாம். சர்க்கரை அளவு இயல்பாகத் தோன்றுவதால் இந்நிலை கவனிக்கப்படாமல் போவதுண்டு. எனவே இவற்றை அறுவைக்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்னரும், எர்ட்டுகிளிஃப்ளோசினை 4 நாட்களுக்கு முன்னரும் நிறுத்த வேண்டும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் அறிவித்தது.

ஜிஎல்பி-1 வகை ஊசிகள் (லிராகுளுட்டைடு, செமாகுளுட்டைடு முதலியன): இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மயக்க மருந்தின்போது இரைப்பையில் உள்ளவை நுரையீரலுக்குள் செல்லக்கூடும் என்பதால், மயக்கவியல் மருத்துவருக்கு இவற்றைப் பற்றி முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும்.

இன்சுலின்: நீண்டநேரம் செயற்படும் இன்சுலின் முழுவதும் நிறுத்தப்படாமல், வழக்கமான அளவில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு கொடுக்கப்படுகின்றது. நடுத்தர நேரம் செயற்படும் என்பிஎச் வகை பாதியாகக் குறைக்கப்படுகின்றது. முதல் வகை நீரிழிவு உடையவர்களுக்கு இன்சுலினை ஒருபோதும் முழுமையாக நிறுத்துதல் கூடாது.

இம்மாற்றங்கள் ஒவ்வொருவரின் சிறுநீரக நிலை, வயது, உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடும். ஆகவே இவை அறுவைக் குழுவின் அறிவுரைப்படியே செய்யப்பட வேண்டியவை ஆகும்.

அறுவையின்போதும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும்

அறுவை அரங்கில் தோலடி ஊசியாக இன்சுலின் கொடுப்பது பயன் தராது. உடல் குளிர்ந்தும் குருதி ஓட்டம் மாறியும் இருக்கும் நிலையில், தோலடியிலிருந்து இன்சுலின் எவ்வளவு உறிஞ்சப்படும் என்று கணிக்க இயலாது. ஆகவே கரையும் இன்சுலின் உப்பு நீரில் கலக்கப்பட்டு, கருவியின் உதவியால் சிரை வழியே சொட்டு சொட்டாகச் செலுத்தப்படுகின்றது. சிரைவழி இன்சுலின் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதால், அளவை மாற்றியவுடன் அதன் விளைவும் விரைந்து தெரிகின்றது.

சர்க்கரை ஏறத்தாழ மணிக்கு ஒருமுறையும், விரைந்து மாறும் கட்டங்களில் அதைவிடக் குறைந்த இடைவெளியிலும் சோதிக்கப்படுகின்றது. விரல் நுனியில் எடுக்கப்படும் குருதி, வீக்கமும் குறைந்த குருதி அழுத்தமும் உள்ள நோயாளியிடம் தவறான அளவைக் காட்டலாம். எனவே தமனியிலிருந்து எடுக்கப்படும் குருதியே விரும்பப்படுகின்றது. இன்சுலின், குளுக்கோசுடன் பொட்டாசியத்தையும் அணுக்களுக்குள் செலுத்துவதால் பொட்டாசிய அளவும் தொடர்ந்து கவனிக்கப்படுகின்றது.

நோயாளி உணவு உண்ணத் தொடங்கியபின் சிரைவழி இன்சுலினிலிருந்து தோலடி இன்சுலினுக்கு மாற்றப்படுகின்றார். தோலடி ஊசி செயற்படத் தொடங்க நேரமாகும். ஆதலால் நீண்டநேர இன்சுலினைச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே சிரைவழி இன்சுலின் நிறுத்தப்படுகின்றது. இவ்விடைவெளி விடப்படாதபோது சர்க்கரை மீண்டும் திடீரென உயர்கின்றது.

எந்த அளவு பாதுகாப்பானது: ஆய்வுகளின் வரலாறு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகர மருத்துவர் அந்தோணி ஃபர்னரியும் குழுவினரும், இதய அறுவை செய்துகொண்ட நீரிழிவாளருக்குத் தொடர்ச்சியாகச் சிரைவழி இன்சுலின் கொடுத்து விளைவுகளைப் பதிவு செய்தனர். 1999இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, 2467 நோயாளிகளில் ஆழ்ந்த மார்பெலும்பு நோய்த்தொற்று, தோலடி ஊசி முறையில் 2.0 விழுக்காடாக இருந்தது; சிரைவழி முறையில் 0.8 விழுக்காடாகக் குறைந்தது. 2003இல் வெளியான கட்டுரையில், மாற்றுவழி அறுவை செய்துகொண்ட நீரிழிவாளரின் இறப்பு வீதம் 5.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்ததாகக் கூறப்பட்டது. எனினும் இவை இரு வெவ்வேறு காலப்பகுதிகளில் மருத்துவம் பெற்றவர்களை ஒப்பிட்டவை. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த பிற முன்னேற்றங்களும் விளைவுகளில் பங்களித்திருக்கக்கூடும்.

2001ஆம் ஆண்டில் பெல்சியத்தின் லுவென் நகரில் கிரீட் வான் டென் பெர்கே தலைமையில் நடைபெற்ற ஆய்வு, அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சையில் இருந்த 1548 நோயாளிகளை உட்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் இதய அறுவை செய்துகொண்டவர்கள். சர்க்கரையை 80 முதல் 110க்குள் இறுக்கமாக வைத்திருந்த பிரிவில் இறப்பு 4.6 விழுக்காடாகவும், வழக்கமான பிரிவில் 8.0 விழுக்காடாகவும் இருந்தது. இதன் விளைவாக உலகின் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இறுக்கமான கட்டுப்பாட்டைப் பின்பற்றத் தொடங்கின.

ஆனால் 2009இல் வெளிவந்த நைசு-சுகர் என்னும் பன்னாட்டு ஆய்வு இதற்கு எதிரான முடிவைத் தந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 6104 பேரை உட்படுத்திய அவ்வாய்வில், 81 முதல் 108க்குள் வைக்கப்பட்டவர்களில் 27.5 விழுக்காட்டினரும், 180க்குக் கீழ் வைக்கப்பட்டவர்களில் 24.9 விழுக்காட்டினரும் 90 நாட்களுக்குள் இறந்தனர். கடுமையான சர்க்கரைத் தாழ்நிலை முதற்பிரிவில் 6.8 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 0.5 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் பசி, நடுக்கம், படபடப்பு ஆகியவற்றைச் சொல்ல இயலாது என்பதால் தாழ்நிலை அவருக்கு மிகவும் ஆபத்தானது.

2015இல் வெளியான குளுக்கோ-கேப்சி என்னும் ஆய்வு மாற்றுவழி அறுவை நோயாளிகள் 302 பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. சர்க்கரையை 100 முதல் 140க்குள் வைப்பதற்கும் 141 முதல் 180க்குள் வைப்பதற்கும் இடையே சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒட்டுமொத்தமாகக் காணப்படவில்லை.

இவற்றின் அடிப்படையில், நெஞ்சக அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 180ஐ மேல் எல்லையாகக் கொண்டுள்ளன. அறுவைக் காலத்தில் 100 முதல் 180 வரை என்பதே பரவலாக ஏற்கப்படும் இலக்காகும். கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அது இயல்பு நிலைக்கு இறுக்கப்பட வேண்டியதில்லை என்பதே இவ்வாய்வுகள் கற்பித்த பாடம் எனலாம்.

மார்பெலும்பு நோய்த்தொற்றும் தடுப்பும்

ஆழ்ந்த மார்பெலும்பு நோய்த்தொற்று அரிதாக நேர்வதாயினும் மிகக் கடுமையான சிக்கல் ஆகும். எலும்பு பிரிந்து, மார்புக்கூட்டின் உட்பகுதிக்கும் சீழ் பரவலாம். மீண்டும் அறுவை செய்து பழுதுற்ற திசுவை அகற்றவும், தசையால் இடைவெளியை மூடவும் நேரிடும். நோயாளி பல வாரங்கள் மருத்துவமனையில் தங்க வேண்டிவரும். உயிரிழப்பும் நேரலாம்.

இதனைத் தடுப்பதற்குச் சர்க்கரைக் கட்டுப்பாட்டுடன் வேறு சில முறைகளும் பின்பற்றப்படுகின்றன. புகைப்பிடித்தல் நிறுத்தப்படுகின்றது. அறுவைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி திரவத்தால் நோயாளி குளிப்பாட்டப்படுகின்றார். மூக்கினுள் வாழும் ஸ்டாஃபிலோகாக்கசு நுண்ணுயிரை அகற்றக் களிம்பு இடப்படுகின்றது. தோலைக் கீறுவதற்கு ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர் எதிரி மருந்து செலுத்தப்படுகின்றது.

அறுவை நுட்பமும் இதில் பங்கு பெறுகின்றது. உள் மார்புத் தமனி, பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலானோரிடம் அடைபடாமல் இருக்கும் சிறந்த இணைப்புக் குழாய் ஆகும். காற்சிரைகளில் ஏறத்தாழ பாதி அக்காலத்திற்குள் அடைபட்டுவிடுகின்றன. ஆயினும் இத்தமனி மார்பெலும்பிற்கும் குருதி அளிப்பதாகும். இரு பக்கத்துத் தமனிகளையும் எடுத்தால் எலும்பின் குருதி ஓட்டம் குறைந்து, நீரிழிவாளரிடம் நோய்த்தொற்று வாய்ப்பு கூடுகின்றது. எனவே எச்பிஏ1சி உயர்ந்தவர், உடல் பருத்தவர் ஆகியோருக்கு அறுவை மருத்துவர் இதனைக் கருத்தில் கொண்டே இணைப்புக் குழாயைத் தேர்கின்றார்.

வீடு திரும்பிய பின்

சிக்கல் இல்லாதவர்கள் ஓரிரு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், மொத்தமாக ஏறத்தாழ ஒரு வாரம் மருத்துவமனையிலும் தங்குகின்றனர். மார்பெலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும், முழு வலிமை பெறுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களும் தேவை. அதுவரை கனமான பொருட்களைத் தூக்குதல், கைகளை ஊன்றி எழுதல், ஈருருளி ஓட்டுதல் ஆகியவை தவிர்க்கப்படுகின்றன. இருமும்போது மார்பின்மீது தலையணையை அணைத்துக்கொள்வது எலும்பின் மீதான இழுவிசையைக் குறைக்கும்.

இக்காலத்தில் சர்க்கரை அளவு நிலையாக இராது. அறுவையின் தாக்கம் குறையக் குறைய இன்சுலின் தேவையும் குறைந்துகொண்டே வரும். மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட அளவே தொடரப்பட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். பசியின்மையால் உணவு குறைவதும் இதற்குத் துணை செய்யும். எனவே முதற்சில வாரங்களில் வீட்டிலேயே சர்க்கரையை அடிக்கடி சோதித்துக் குறித்து வைத்தல் வேண்டும். அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள், சர்க்கரைத் தாழ்நிலையின் அறிகுறிகளான படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்த்தல் மட்டும் மறையாது. ஆகவே காரணமின்றி வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதித்தல் நன்று. அளவு 70க்குக் கீழ் இருப்பின், ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை (மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி) நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, புண் ஆறுவதற்குப் புரதம் இன்றியமையாதது. அறுவைக்குப் பின் கஞ்சியும் இட்லியும் மட்டுமே உண்பது வழக்கமாகக் காணப்படுகின்றது. இவை பெரும்பாலும் மாவுச்சத்தே ஆதலால், சர்க்கரையை உயர்த்துவதோடு புண் ஆறத் தேவையான புரதத்தையும் போதிய அளவில் தருவதில்லை. பருப்பு, சுண்டல், முட்டையின் வெண்கரு, மீன், கொழுப்பு நீக்கிய தயிர் ஆகியவற்றை உணவுடன் சேர்த்துக்கொள்வது பயனுள்ளது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்:

* காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
* மார்புப் புண்ணிலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், சிவத்தல், வலி கூடுதல்
* அசையும்போதோ இருமும்போதோ மார்பெலும்பில் "கிளிக்" என்னும் ஓசை கேட்டல்
* சிரை எடுத்த காலில் வீக்கமும் சிவப்பும் மிகுதல், பாதத்தில் புதிய புண்
* முன்பு கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை காரணமின்றி உயர்தல்

இறுதியாகக் குறிப்பிடப்பட்டது பலராலும் கவனிக்கப்படாதது. நோய்த்தொற்று வெளியே தெரியும் முன்னரே சர்க்கரையை உயர்த்தக்கூடும். ஆகவே விளக்கமற்ற உயர்வு ஒரு முன்னறிவிப்பாக அமையலாம்.

நடைப்பயிற்சி மருத்துவமனையிலேயே தொடங்கப்பட்டுப் படிப்படியாகக் கூட்டப்படுகின்றது. நடக்கும்போது தசைகள் குளுக்கோசைப் பயன்படுத்துவதால் சர்க்கரையும் குறைகின்றது. தன்னியக்க நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு எழுந்து நிற்கும்போது குருதி அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம் என்பதால், அவர்கள் மெல்ல எழுந்து, சிறிது நேரம் அமர்ந்திருந்து, பின்னர் நடத்தல் வேண்டும். அறுவைக்குப் பின் மனச்சோர்வு ஏற்படுவதும் இயல்பே. அது மருந்து உட்கொள்வதிலும் உணவிலும் அக்கறையைக் குறைப்பதால், குடும்பத்தினர் அதனைக் கவனித்தல் இன்றியமையாதது.

நீண்டகாலப் பராமரிப்பு

மாற்றுவழி அறுவை அடைப்பைச் சுற்றிச் செல்லும் பாதையையே அமைக்கின்றது. அடைப்பை உண்டாக்கிய நோயை நீக்குவதில்லை. சர்க்கரை, கொழுப்பு, குருதி அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை முன்போலவே தொடர்ந்தால் புதிய குழாய்களும் அடைபடும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு எச்பிஏ1சி 7 விழுக்காட்டை ஒட்டியும், முதியோருக்கும் சர்க்கரைத் தாழ்நிலைக்கு எளிதில் உள்ளாவோருக்கும் 8 விழுக்காடு வரையும் இலக்காகக் கொள்ளப்படுகின்றது. குருதி அழுத்தம் 130/80க்குக் கீழும், எல்டிஎல் கொழுப்பு 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். அண்மைய வழிகாட்டுதல்கள் சில எல்டிஎல் கொழுப்புக்கு 55ஐ இலக்காக வைக்கின்றன. ஆஸ்பிரினும் ஸ்டாட்டின் வகை மருந்தும் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரப்படுகின்றன.

அறுவைக்கு முன் நிறுத்தப்பட்ட எஸ்ஜிஎல்டி2 தடுப்பிகளும் ஜிஎல்பி-1 வகை மருந்துகளும், நோயாளி தேறிய பின் இதயத்தைக் காக்கும் மருந்துகளாக மீண்டும் இடம்பெறுகின்றன. 2015இல் வெளியான ஆய்வொன்றில், இதய நோயுள்ள நீரிழிவாளரிடையே எம்பாகிளிஃப்ளோசின் இதயக் குருதிக்குழாய் நோய்களால் நேரும் இறப்பை 38 விழுக்காடு குறைத்தது. 2016இல் வெளியான ஆய்வில் லிராகுளுட்டைடும் இத்தகைய இறப்பைக் குறைத்ததாகக் கண்டறியப்பட்டது.

நீரிழிவு தனக்கு உள்ளதை இவ்வறுவைக்கான சோதனைகளின்போதே முதன்முதலாக அறிபவர்களும் உண்டு. அறுவையின்போது மட்டும் சர்க்கரை உயர்ந்தவர்களுக்கும் பின்னாளில் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அறுவைக்குச் சில மாதங்களுக்குப் பின் இவர்களுக்கு மறுசோதனை செய்யப்படுவது இன்றியமையாததாகும்.